கேள்வி வந்தால் பஸ் வரும்

இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள் அக்கா. அந்த சீட்டில் தகரம் கிழிந்து நீட்டிக்கொண்டிருக்கிறது, சேலை போய்விடும். என்ன சொன்னீர்கள்? எங்கள் ஊருக்குப் பஸ் வசதி நன்றாக இருக்கிறதா? இன்னொரு தடவை சொல்லுங்கள், காதுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

நீங்கள் வெளியூர். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று பார்க்க வருகிறீர்கள். வந்த நேரம் பஸ் நின்றது, ஏறினீர்கள். உங்கள் அதிர்ஷ்டம். நேற்று முன்தினம் வந்திருந்தால் நெடுஞ்சாலை விலக்கில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் நடந்திருப்பீர்கள். நேற்று காலையில்தான் இந்த பஸ் வந்தது. அதற்கு முன்னால் எப்போது வந்தது தெரியுமா? ஜூன் மாதம், மூன்று நாள். அந்த மூன்று நாளும் எனக்காக வந்தது. சிரிக்காதீர்கள். பாண்டிச்செல்வி என்கிற என் ஒருத்திக்காக கவர்ன்மென்ட் பஸ் விட்டது. சட்டசபையில் என் பேரைச் சொல்லி மந்திரி பேசியிருக்கிறார். நம்பாவிட்டால் போங்கள், வீடியோ இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் படிப்பு மேல் ஆசை கீசை எதுவும் கிடையாது. ஐயோ பாவம், படிக்க முடியாமல் போன பிள்ளை என்று முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் நின்றேன். நானாகத்தான் நின்றேன். பிளஸ் ஒன் பரீட்சை முடிந்ததும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கேட்டால், வசூல் இல்லையாம். எப்படி வசூல் வரும்? எங்கள் ஊரில் பஸ் ஏறுகிறவர்கள் எல்லாம் பொம்பளைகள். பொம்பளைகளுக்கு டிக்கெட் இலவசம். இலவசமாக ஏறலாம், ஏறுவதற்குத்தான் பஸ் இல்லை. ரொம்ப நல்ல திட்டம்.

எங்கள் ஊரிலிருந்து என் கூடப் படித்த இரண்டு பேர் சிவகங்கையில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் அனுப்பவில்லை. சைக்கிள் கொடுத்தார்களே என்பீர்கள். கொடுத்தார்கள். சீமைக்கருவேல முள்ளுக்கு அது அரசாங்க சைக்கிள் என்று தெரியவில்லை. வாரத்துக்கு இரண்டு பஞ்சர். பிறகு அப்பா அதில், கருவேல விறகை எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். நானும் போய் கரி அள்ளினேன். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. மூஞ்சி மட்டும்தான் கறுக்கும், மற்றபடி நல்ல வேலை.

இப்படி இருக்கும்போது எங்கள் எம்.எல்.ஏ. ஊருக்கு வந்தார். தவசிலிங்கம் என்று பேர். எதிர்க்கட்சி. ஒரு துக்க வீட்டுக்கு வந்தவரை எங்கள் ஊர்ப் பொம்பளைகள் சுற்றி வளைத்துக்கொண்டு பஸ் பஸ் என்று பிடித்துக்கொண்டார்கள். மனுஷன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பஸ் நின்னதால பள்ளிக்கூடத்தை விட்டு நின்ன பொம்பளப் புள்ள யாராச்சும் இருக்கா?"

எல்லாரும் என்னைக் காட்டினார்கள். ஊரிலேயே தகுதியான ஆள் நான் ஒருத்திதான்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது அக்கா. லாட்டரி விழுந்த மாதிரி. என் தலையில் கை வைத்து, "உன்னை வச்சு ஒரு கேள்வி போடுறேம்மா. அரசாங்கத்தையே நாறடிச்சிருவோம்" என்றார்.

"நாறடிக்க வேண்டாங்க ஐயா, பஸ் விட்டாப் போதும்" என்றேன். அம்மா என் முதுகில் கிள்ளினாள்.

சொன்னபடியே கேள்வி போட்டார். அதுவும் எப்படிக் கேள்வி என்று கேளுங்கள். இரண்டு பகுதி. பஸ் நிறுத்தியதால் மாணவி யாரும் இடைநின்றிருக்கிறார்களா, இது ஒன்று. ஆம் என்றால், பஸ்ஸை மறுபடி விட அரசு ஆவன செய்யுமா, இது இரண்டு. 'ஆவன செய்யுமா' என்றால்தான் சட்டசபையில் கேள்வியாம். 'பஸ்ஸை விடுய்யா' என்றால் கேள்வி இல்லையாம். இதைச் சொல்ல எம்.எல்.ஏ. எங்கள் வீட்டுக்கே வந்தார். வந்தவர் காபியைக் குடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"பதில் வர்ற அன்னைக்கு வரைக்கும் பள்ளிக்கூடம் பக்கம் போயிராதம்மா. யார் கூப்பிட்டாலும் போகாத. நீ போயிட்டா என் கேள்வி செத்துப்போகும்."

"பஸ் இல்லாம எதுல ஐயா போக?"

"அதான், அதான். அதே கோபத்தோட வீட்டுலயே இரு."

நான் படிப்பதற்காக, நான் படிக்கப் போகக் கூடாது. எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. ஆனால் எனக்கென்ன, நான்தான் படிப்பை விட்டவளாயிற்றே. சரி என்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு ஜீப் வந்தது. கல்வி ஆபீசர் ஒருத்தர், கூட எங்கள் ஹெச்.எம். ஸ்டெல்லா மேடம். மேடத்தை அதற்கு முன்னால் எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. நான் நின்றபோது எனக்கு என்ன ஆச்சு என்று ஒரு போன் கூடக் கிடையாது. இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, எப்படி மெலிஞ்சிட்ட" என்கிறார். பெற்றவளுக்கே தெரியாத மெலிவு.

ஆபீசர் நேராக விஷயத்துக்கு வந்தார். அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது. பொய்யைக் கூட வளைக்காமல் சொன்னார்.

"புதன்கிழமை சபையில பதில். அன்னைக்கு நீ கிளாஸ்ல இருக்கணும். மூணு நாள் வந்து உட்காரு."

"மூணு நாள் கழிச்சு?"

"அது அப்புறம் பாத்துக்கலாம்மா."

"எதுல வர?"

"ஜீப் அனுப்புறேன்."

"ஜீப் வேண்டாம். பஸ் விடுங்க. பஸ் வந்தா நான் வர்றேன். எங்க ஊர்ப் பொம்பளைகளும் ஏறுவாங்க, அதுக்கு ஒத்துக்கணும்."

ஆபீசர் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். டிப்போவில் யாரிடமோ 'சட்டசபை, சட்டசபை' என்று நாலு தடவை சொன்னது எங்களுக்குக் கேட்டது. ஊரே மனு கொடுத்து, மறியல் பண்ணி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்று வராத பஸ், ஒரு போனில் வந்தது. திங்கள்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, புளியமரத்தடியில், கழுவித் துடைத்து நின்றது. உள்ளே ஒரு ஆள் இல்லை. கண்டக்டர் இருளப்பன் அண்ணன், அதோ முன்னால் பை வைத்துக்கொண்டு நிற்கிறாரே அவரேதான், இறங்கி வந்து, "பாண்டிச்செல்வி யாரு? ஏறும்மா, உன்னை ஏத்தாம வரக்கூடாதுன்னு ஆர்டர்" என்றார்.

எம்.எல்.ஏ.வுக்குச் சொன்ன வாக்கு? அதை நினைத்தேன், நினைக்காமல் இல்லை. ஆனால் பஸ் வந்து நிற்கிறதே. அவர் கேட்டதே பஸ்தானே? பஸ் வந்தாயிற்று, ஏறினேன். இதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மூன்று நாள் போனேன். நாலாவது பெஞ்சு. பாடம் ஒன்றும் பெரிதாக இல்லை. அக்கவுண்டன்சி மேடம் முதல் பாடத்தையே இன்னும் முடிக்கவில்லை. நான் அதை வீட்டிலேயே போட்டுப் பார்த்திருந்தேன். ஆசைப்பட்டு இல்லை, சகாயமேரி என்று என் கிளாஸ்காரி ஒருத்தி எங்கள் அப்பா போனுக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்புவாள், அவள் கையெழுத்து எவ்வளவு கேவலம் என்று பார்ப்பதற்காகத் திறப்பேன். திறந்தால் கணக்குத் தப்பாக இருக்கும். தப்பாக இருந்தால் விட முடியுமா, போட்டுத்தான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

புதன்கிழமை. ஸ்டெல்லா மேடம் கிளாஸில் இருக்கிற பெரிய டிவியில் சட்டசபையைப் போட்டுவிட்டார். எல்லாரும் பார்க்க வேண்டுமாம், குடிமையியல் அறிவு வருமாம். பக்கத்திலேயே ஆபீசர், நாற்காலி போட்டு, கல்யாண வீட்டுப் பந்தியைப் பார்க்கிறவர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து ஓடிவிடுவேனாம்.

எங்கள் எம்.எல்.ஏ. எழுந்தார். கேள்வி நம்பரை மட்டும் சொன்னார். கல்வி மந்திரி ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். முதல் பகுதிக்குப் பதில், 'இல்லை.' இரண்டாம் பகுதிக்குப் பதில், 'வினா எழவில்லை.'

தீர்ந்தது. நான் பெஞ்சில் இருப்பதால் யாரும் நிற்கவில்லை. யாரும் நிற்காததால் பஸ்ஸைப் பற்றிக் கேட்க வழியே இல்லை. மூன்று மாதமாக எங்கள் ஊர் பட்ட பாட்டை இரண்டு சொல்லில் மடித்து வைத்துவிட்டார்கள். இதற்குக் கூட நன்றாகப் படித்திருக்க வேண்டும் போல.

ஆனால் துணைக் கேள்வி கேட்கலாமாம். அதற்கு எம்.எல்.ஏ. மறுபடி எழுந்தார். நான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன், சும்மா சொல்லக்கூடாது. இந்த மனுஷன் நன்றாகக் கேட்டுவிட்டால் போதும். அவரோ முதலில் தன் கட்சித் தலைவரை வணங்கினார். பிறகு தலைவரின் அப்பாவை வணங்கினார். பிறகு மாவட்டச் செயலாளர், பிறகு தனக்கு ஓட்டுப் போட்ட மக்கள், அதிலும் தாய்மார்கள் தனி. சபாநாயகர் "கேள்விக்கு வாங்க" என்றார். இவர், "வந்துட்டேங்க ஐயா" என்று சொல்லிவிட்டுத் தலைவரின் இன்னொரு பெருமைக்குப் போனார். சபாநாயகர், "கேள்விக்கு வாங்க, கேள்விக்கு வாங்க" என்று மணி அடித்துப் பார்க்கிறார். நான் டிவியைப் பார்த்து, "அட கேளுய்யா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கிளாஸ் சிரித்தது. ஸ்டெல்லா மேடம் முறைத்தார்.

கடைசியில் கேட்டார். "மாணவியர் போக்குவரத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எங்கள் பகுதியில் எவ்வளவு செலவு செய்தீர்கள்? என் தொகுதியில் பாண்டிச்செல்வி என்ற ஏழை மாணவி, பள்ளிக்குச் செல்ல வழியில்லாமல், இந்த நிமிடம் தன் குடிசையில் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள்..."

எங்கள் வீடு குடிசை இல்லை, ஓட்டு வீடு. நான் அழவும் இல்லை. கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன்.

மந்திரி சிரித்துக்கொண்டே எழுந்தார். எவ்வளவு ஒதுக்கினோம் என்பதற்கு மாநிலம் முழுக்க எத்தனை கோடி என்று ஒரு பெரிய எண்ணைச் சொன்னார். எங்கள் பகுதியில் எவ்வளவு என்பதற்கு, அந்தக் கோடிக்குள்ளேயே அதுவும் அடங்கும் என்றார். அப்புறம் இன்னொரு தாளை எடுத்தார். "மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிட்ட செல்வி பாண்டிச்செல்வி, இப்போது, இந்த நேரத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் நான்காவது பெஞ்சில் அமர்ந்து பாடம் பயின்றுகொண்டிருக்கிறார். உறுப்பினர் அவ்வப்போது தன் தொகுதிக்கும் போய் வர வேண்டும்."

மேசையைத் தட்டுகிறார்கள், தட்டுகிறார்கள், உடைத்துவிடுவார்கள் போல. கிளாஸில் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். ஆபீசர் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிட்டார்.

தட்டின தட்டில் மந்திரிக்குக் குஷி வந்துவிட்டது. தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். "அந்தப் பேருந்து தொடர்ந்து இயக்கப்படும்." எங்கள் எம்.எல்.ஏ. ஏதோ கத்தினார், மைக்கை அணைத்துவிட்டார்கள். வெளிநடப்பு செய்தார். அது அவர் வருஷத்துக்கு நாலு தடவை செய்கிறது. எங்கள் ஊரில் தினமும் செய்கிறோம், ஐந்து கிலோமீட்டர்.

வியாழக்கிழமை பஸ் வரவில்லை.

நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் ஒன்பது மணி வரை நின்றேன், அவ்வளவுதான். துவைத்துப் போட்டது வீணாகப் போக வேண்டாமே என்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் என்னை நீக்க முடியாது. சட்டசபையில் மந்திரி பேர் சொன்ன பிள்ளை இல்லையா? அதனால் தினமும் எனக்கு ஆஜர் போட்டார்கள். நான் கரிமூட்டத்தில் இருப்பேன், சகாயமேரி சொல்வாள், "இன்னைக்கும் நீ பிரசன்ட்டுடி." பள்ளிக்கூடத்திலேயே லீவு போடாத பிள்ளை நான்தான்.

எம்.எல்.ஏ. வந்தார். வாசலிலேயே நின்றார், காபி வேண்டாம் என்றார்.

"என் மானத்தை வாங்கிட்டியேம்மா."

"பஸ் வந்துச்சு, ஏறினேன் ஐயா."

"மூணு நாள் பொறுக்க மாட்டியா?"

"நீங்க மூணு நிமிஷம் தலைவரைக் கும்பிடாம இருந்திருந்தா கேள்வியை முதல்லயே கேட்டிருக்கலாம்ல?"

அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். போனேன். உள்ளேயிருந்து கேட்டேன், "மறுபடி ஒரு கேள்வி போடுங்களேன்?" ஒரே கேள்வியை அந்தக் கூட்டத்தொடரில் மறுபடி கேட்கக் கூடாதாம். விதியாம். பஸ்ஸை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்தலாம், அதற்கு விதி இல்லை.

சரி, இப்போது எதற்கு நேற்றிலிருந்து பஸ் வருகிறது என்றுதானே கேட்கிறீர்கள்? மந்திரி தாளில் இல்லாமல் ஒன்று சொன்னார் பாருங்கள், தொடர்ந்து இயக்கப்படும் என்று. அது உறுதிமொழியாம். மந்திரிகள் சபையில் கொடுத்த உறுதிமொழியை எல்லாம் நிறைவேற்றினார்களா என்று பார்க்க எம்.எல்.ஏ.க்களே சேர்ந்த ஒரு குழு இருக்கிறதாம். ஊர் ஊராக வருமாம். சாதாரணமாக நம்ம முறை வர வருஷக்கணக்கு ஆகுமாம். குழுத் தலைவருக்கு இந்தப் பக்கம் ஒரு கோயிலில் வேண்டுதல் இருந்ததால் டிசம்பரிலேயே வந்துவிட்டார்கள். அந்தச் சாமிக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும்.

இன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பத்துக் கார். காலையிலேயே ஸ்டெல்லா மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தினமும் பஸ் வருதுன்னு சொல்லு கண்ணு" என்றார். தவசிலிங்கம் ஐயா வேறு பக்கமாகக் கூப்பிட்டு, "வரலைன்னு சொல்லும்மா, போன தடவை பண்ணின மாதிரி பண்ணிராத" என்றார். நான் யோசித்தேன். வருகிறது என்றால், உறுதிமொழி நிறைவேறியது என்று எழுதி மூடிவிடுவார்கள். வரவில்லை என்றால், நிலுவை என்று எழுதிக்கொண்டு அடுத்த வருஷம் வருவார்கள். அடுத்த வருஷம் எனக்கு ஏது பிளஸ் டூ?

குழுத் தலைவர் வயசான மனுஷன். நெற்றி நிறைய விபூதி. "ஏம்மா, பஸ் வருதா?" என்றார்.

"நீங்க வந்தா வருதுங்க ஐயா. நீங்க போனா போயிருது. தினமும் காலையில ஏழு நாப்பதுக்கு நீங்க வந்துட்டா நல்லா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கட்சி வித்தியாசம் இல்லாமல் சிரித்தார்கள். "புத்திசாலிப் புள்ள" என்றார் தலைவர். டிப்போ மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, "இதை நிறுத்தக் கூடாதுப்பா" என்றார். அவர், "சரிங்க ஐயா" என்றார். சோலி முடிந்தது. பிறகு இந்த பஸ்ஸுக்கு முன்னால் எல்லாரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா மேடம் ஒரு ஓரம், தவசிலிங்கம் ஐயா ஒரு ஓரம். நடுவில் நான். பல்லைக் காட்டச் சொன்னார்கள், காட்டவில்லை.

நீங்கள் ஏறுவதற்கு முன்னால்தான் இருளப்பன் அண்ணன் எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் குனிந்து சொன்னார். "பாப்பா, நாளைக்கு நிக்காத. வண்டி விழாவுக்குப் போகுது. மந்திரி வர்றாரு, கூட்டம் ஏத்தணும். அப்புறமும் வேற ரூட்டுதான் போட்டிருக்காங்க."

பாருங்கள், புளியமரம் வந்துவிட்டது. இதுதான் கடைசி. பால்வாடிக்கு அடுத்த வீடுதானே உங்கள் தங்கச்சி வீடு? முன் வாசலில் இறங்குங்கள், அங்கே படி தாழ்வாக இருக்கும்.

நானா? நான் இறங்கவில்லை.

"எறங்கு பாப்பா, வண்டி டிப்போவுக்குப் போகணும்" என்கிறார் அண்ணன். கேட்கிறது அண்ணே. போங்க, நானும் வர்றேன்.

"வெளாடாத. பொம்பளப் புள்ளைய இந்நேரம் டிப்போவுக்கு ஏத்திட்டுப் போனா என் வேலை போயிரும்."

அப்போ போக வேண்டாம். இங்கேயே நிறுத்துங்க. இங்கே நின்றால் காலையில் இங்கிருந்துதானே கிளம்பணும்? விழாவுக்கு வேறு பஸ்ஸா இல்லை? மேனேஜருக்குப் போன் போடுங்க. போட்டு, 'சட்டசபை, சட்டசபை'ன்னு நாலு தடவை சொல்லுங்க.

டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டார் பாருங்கள் அக்கா. அவரும் இருளப்பன் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பார்க்கட்டும். அதோ ஊர்ப் பொம்பளைகள் இறங்கினவர்கள் போகாமல் நிற்கிறார்கள். இரண்டு பேர் திரும்பவும் ஏறுகிறார்கள். ஏறட்டும்.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். போகிற வழியில் பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீடு, அதுதான் எங்களுடையது. அம்மா இருப்பாள். பஸ்ஸில் இருக்கிறேன், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சோறும், கம்பளியும், டிவி மேல் இருக்கிற அக்கவுண்டன்சி புத்தகமும் கொண்டுவரச் சொல்லுங்கள். நாளைக்கு அரையாண்டுப் பரீட்சை, காலை பத்து மணிக்கு. அதற்காக இல்லை, விடியும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்காது. போகும்போது மறந்துவிடாதீர்கள் அக்கா, அட்டை கிழிந்த புத்தகம், இரண்டாம் தொகுதி.